ஏர்கான் போடப் போனவன்

எங்கள் வீட்டுக் காருக்கு டிரைவர் என் மனைவி. நான் கண்டக்டர். இந்தப் பதவியை எனக்கு வாங்கிக் கொடுத்தது, புக்கிட் மேராவில் எங்கள் புளோக்கின் பல மாடிக் கார் நிறுத்தத்தில் இருக்கும் ஒரு தூண். கார் வாங்கிய முதல் வாரமே அதில் போய் இடித்தேன். தூண் நகராது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் கடைசி நேரத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும் என்று ஏனோ நம்பிவிட்டேன். மனைவி இறங்கிப் போய்க் காரைப் பார்க்கவில்லை, தூணைத் தடவிக் கொடுத்தாள். "பாவம், அது பாட்டுக்கு நின்னுட்டிருந்துச்சு" என்றாள். அன்றோடு ஓட்டும் உரிமை பறிபோனது. என்னிடம் லைசென்ஸ் இருக்கிறது, பர்ஸில் அழகாகத் தூங்குகிறது.

ஆனால் வெளியே கிளம்பும்போதெல்லாம் சாவி முதலில் என் கைக்குத்தான் வரும். எங்களுக்கு இடம் கிடைத்தது மேல்தளத்தில், கூரை இல்லாத வெட்டவெளியில். இந்த ஊர் வெயிலில் கார் கொதித்துப்போய் நிற்கும். அதனால் வீட்டில் ஒரு சட்டம் இருந்தது.

"ஏங்க, நீங்க போய் ஏர்கான் போடுங்க. நான் அஞ்சு நிமிஷத்துல வந்துடறேன்."

நான் போவேன். இடது பக்கத்துப் பயணி இருக்கையில் உட்கார்ந்து, உடம்பை வில்லாக வளைத்து, ஸ்டியரிங்குக்கு அந்தப் பக்கம் கையை விட்டுச் சாவியைத் திருப்புவேன். டிரைவர் சீட்டிலேயே உட்கார்ந்து திருப்பலாமே என்று கேட்காதீர்கள். அவள் குள்ளம். சீட்டை ஸ்டியரிங்கோடு ஒட்டி வைத்திருப்பாள். என் கால்கள் கொக்குக் கால்கள். நான் உட்கார வேண்டுமானால் சீட்டைப் பின்னால் தள்ள வேண்டும். தள்ளினால், "என் சீட்டை யார் தொட்டது?" என்று லிட்டில் இந்தியா போய்ச் சேரும்வரை விசாரணை நடக்கும். வளைந்து திருப்புவதே மேல்.

அவள் சொல்லும் அஞ்சு நிமிஷம் எந்தக் கடிகாரத்திலும் கிடையாது. கேஸை மூடினோமா என்று ஒருமுறை பார்ப்பாள். கதவைப் பூட்டிவிட்டு, பூட்டினோமா என்று திரும்பிப் போய் இழுத்துப் பார்ப்பாள். லிஃப்டில் யாராவது மாட்டினால் அவர்கள் வீட்டு விசேஷமெல்லாம் கேட்டு முடிப்பாள். நான் வானொலியில் செய்தி, வானிலை எல்லாம் கேட்டு முடித்த பிறகு டிரைவர் பக்கத்துக் கதவு திறக்கும். "அப்பாடா, குளுகுளுன்னு இருக்கே! கண்டக்டர் சார், போலாமா?"

"ரைட்" என்பேன். நான் ரைட் சொல்லாமல் வண்டி நகராது. எனக்கு மிஞ்சியிருந்த ஒரே அதிகாரம் அது.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வழக்கம்போல டேக்கா சந்தைக்குக் கிளம்பினோம். முருங்கைக்காயும் மீனும் வாங்க வேண்டும், பிறகு பூக்கடை. நான் போய் ஏர்கான் போட்டேன். செய்தி முடிந்தது. வானிலை முடிந்தது. பாட்டு இரண்டு முடிந்தது. லிஃப்டில் யாரையோ பிடித்துக்கொண்டாள் என்று நினைத்து ஒரு கிண்டலைத் தயார் செய்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். நல்ல கிண்டல் அது. அப்புறம் வீட்டுக்குத் திரும்பிப் போனேன். காய்கறிப் பை கையில் மாட்டியபடி, செருப்பு ஒன்று போட்டு ஒன்று போடாமல், வாசலுக்கு உள்ளே விழுந்து கிடந்தாள். இதயம் என்றார்கள். பக்கத்திலேயே இருந்திருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று டாக்டர் சொன்னார். அந்தக் கிண்டல் என்னவென்று எவ்வளவு யோசித்தும் எனக்கு ஞாபகம் வரவில்லை.

எல்லாம் முடிந்து ஆட்கள் போன பிறகு, ஒரு சாயங்காலம் சாவியை எடுத்துக்கொண்டு மேல்தளத்துக்குப் போனேன். காரை ஸ்டார்ட் செய்யாமல் போட்டுவைத்தால் பேட்டரி போய்விடும் என்று மகளிடம் சொன்னேன். அவள் பிடோக்கில் இருக்கிறாள், கல்யாணமாகிப் போனவள். "ஆமாப்பா, பண்ணுங்க" என்றாள். பயணி இருக்கையில் உட்கார்ந்து, வளைந்து, சாவியைத் திருப்பி, ஏர்கானை முழுசாக வைத்தேன். கொஞ்ச நேரம் இருந்துவிட்டு அணைத்தேன். மறுநாளும் போனேன். பிறகு அது, வேலைவிட்டு வந்ததும் டீ குடிப்பது மாதிரி ஆகிவிட்டது. கீழ்வீட்டுச் சீனப் பெண்மணி ஒருநாள் கண்ணாடியைத் தட்டி, நிறுத்திய காரில் இன்ஜினை ஓடவிட்டால் அபராதம் போடுவார்கள், தெரியாதா அங்கிள் என்று ஆங்கிலத்தில் எச்சரித்தார். "ஆளுக்காகக் காத்திருக்கேன்" என்றேன். நியாயமான பதில் என்று தலையாட்டிவிட்டுப் போனார்.

இந்த வருஷம் கார் இரும ஆரம்பித்தது.

முதலில் காலை இருமல் மாதிரிதான். சாவியைத் திருப்பினால் உடனே பிடிக்காது. முனகி முனகி, மனசு வந்து, பிடிக்கும். பிடித்த பிறகும் நிம்மதியாக நிற்காது. வண்டி முழுக்க நடுங்கும். வேகம் காட்டும் முள் பக்கத்து முள் ஒன்று இருக்கிறதே, இன்ஜின் சுற்றுக்கானது, அது ஏறும், இறங்கும், செத்துவிடுவேன் என்று மிரட்டும். ஏர்கான் போட்டதும் நடுக்கம் அதிகமாகும். பின்னால் பெட்ரோல் நாற்றம்.

வண்டிக்கு அது கெட்ட நேரம். இந்த ஊரில் காருக்குப் பத்து வருஷம்தான் ஆயுள். அதற்கு மேல் வேண்டுமென்றால் சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டும், இல்லாவிட்டால் ஸ்கிராப்புக்கு அனுப்ப வேண்டும். எங்கள் காருக்கு அந்த மாதக் கடைசியோடு முடிகிறது. மகள் நேராகப் பேசுபவள்.

"ப்பா, நீங்களும் ஓட்டுறதில்ல. எதுக்கு வச்சிருக்கணும்?"

"அம்மாவோட கார் அது."

"சரி. ஓடற கண்டிஷன்ல இருந்தா புதுப்பிக்கலாம். இல்லன்னா கொடுத்துடலாம். ஓகேவா?"

ஓகே என்றேன். அதோடு எனக்கு உத்தியோகம் வந்துவிட்டது. காரைப் பிழைக்கவைக்க வேண்டும்.

தூணோடு சண்டை போட்டவன், இன்ஜின் டாக்டரானேன். வீடியோக்களில் ஆளுக்கொரு நோய் சொன்னார்கள். ஒருவர் பேட்டரி என்றார். வேனில் வந்து மாட்டிவிட்டுப் போகிறவரைக் கூப்பிட்டுப் புதிதாகப் போட்டேன். நாலு நாள் நன்றாகப் பிடித்தது, பிறகு பழைய கதை. இன்னொருவர் காற்று போகும் வாயில் அழுக்கு இருக்கும் என்றார். ஸ்பிரே வாங்கி அடித்தேன், பாதி என் கண்ணில் பட்டது. மூன்றாமவர் பெட்ரோல் பம்ப் என்று அடித்துச் சொன்னார். அவருக்குத் தாடி இருந்தது. அதனால் நானும் பெட்ரோல் பம்ப் என்றே முடிவு செய்து, அலுவலகத்தில் எல்லோரிடமும் அதையே அழுத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கடைசியாக, சிராங்கூன் சாலையில் கோயிலுக்குப் போய் ஒரு எலுமிச்சம்பழத்தோடு வந்தேன். புதுக் கார் வாங்கியபோது அவள் செய்தது ஞாபகம் இருந்தது: சக்கரத்துக்கு அடியில் வைத்து, சாமி கும்பிட்டு, வண்டியை ஏற்றி நசுக்கினாள். நானும் முன்சக்கரத்துக்கு அடியில் சொருகிவைத்துக் கும்பிட்டேன். பயணி இருக்கையில் ஏறி ஏர்கான் போட்டேன். அணைத்துவிட்டுக் கீழே வந்தேன். பூஜையில் ஏதோ குறைகிறது என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

அடுத்த வாரம் கார் பிடிக்கவே இல்லை. பல மாடிக்குள் ஏறக்கூடிய குட்டி இழுவண்டியை வரவழைத்தேன். மகளும் லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள், தீர்ப்பு சொல்லும் நாள் அல்லவா. வண்டியை இழுத்ததும் சக்கரத்துக்கு அடியிலிருந்து ஏதோ உருண்டு வந்தது. காய்ந்து கறுத்து, ஜாதிக்காய் மாதிரி. மகள் குனிந்து எடுத்தாள்.

"எலுமிச்சம்பழமாப்பா? நசுங்கவே இல்லையே."

"நல்ல பழம்" என்றேன். அவள் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு வந்தாள்.

பட்டறை பக்கத்தில்தான், புக்கிட் மேராவிலேயே. பட்டறைக்காரர் தமிழ் முஸ்லிம். தாத்தா காலத்தில் நாகூர்ப் பக்கமிருந்து வந்த குடும்பம். பெரிய தொப்பை, அதைவிடப் பெரிய வாய். கார் வாங்கியதிலிருந்து அவரிடம்தான் சர்வீஸ். என் மனைவியும் அவரும் பேரம் பேசுவதை நான் ஓரமாக நின்று கிரிக்கெட் மாதிரி பார்ப்பேன்.

"வாங்க அண்ணே! அக்கா போனதுக்கப்புறம் இந்தப் பக்கம் வரவே இல்லியே. என்னவாம் வண்டிக்கு?"

"பெட்ரோல் பம்ப், பாய்."

"சரி டாக்டர். நான் கம்பவுண்டர்தானே, சும்மா ஒருவாட்டி பார்த்துக்கிறேன்."

வேறொரு பேட்டரியிலிருந்து ஒயர் கொடுத்து, முனகலுக்குப் பிறகு ஸ்டார்ட் செய்தார். குடித்துக்கொண்டிருந்த தே தாரிக் கோப்பையை இன்ஜின் மூடிமேல் வைத்தார். டீ அலையடித்து விளிம்பு தாண்டியது. "பாருங்க, தானாவே டீ ஆத்துது. கடை போட்டுடலாம்."

ரப்பர் குழாய்களின் மேலெல்லாம் ஸ்பிரே அடித்துக் காது கொடுத்துக் கேட்டார். எங்காவது ஓட்டை இருந்து காற்றை உறிஞ்சினால் சத்தம் மாறும், மாறவில்லை என்றார். பெட்ரோல் அழுத்தத்தை ஒரு மீட்டரில் பார்த்தார். "பம்ப் பர்ஸ்ட் கிளாஸ். டாக்டர் ஃபீஸைத் திருப்பிக் கொடுங்க." பிறகு கருவியை மாட்டி எண்களைப் படித்தார். "ஒரு சிலிண்டர் மட்டும் தவறினா அதுக்குத் தீப்பொறி கொடுக்கிற காயிலைச் சந்தேகப்படலாம். இங்க நாலு பேரும் சேர்ந்து இருமுறானுங்க. வீட்டுல நாலு பேருக்கும் ஒண்ணா வயிறு கெட்டா என்ன அர்த்தம்? சாப்பாடுதான்."

ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி ஒரு துணியில் வரிசையாக வைத்தார். நாலும் விளக்குக் கரி பூசியதுபோலக் கறுத்து, பெட்ரோலில் நனைந்திருந்தன. ஆயில் பார்க்கும் குச்சியை உருவி முகர்ந்து, என் மூக்கிலும் நீட்டினார். ஆயிலில் பெட்ரோல் வாசம். முகம் கொஞ்சம் மாறியது. கண்ணாடியின் மூலையில் தானே ஒட்டியிருந்த, அடுத்த சர்வீஸ் எத்தனை கிலோமீட்டரில் என்று எழுதிய ஸ்டிக்கரைப் பார்த்தார். உள்ளே எட்டி மீட்டரைப் பார்த்தார். மறுபடி ஸ்டிக்கரை.

"அண்ணே, வண்டி ஓடவே இல்ல. பெட்ரோல் மட்டும் ஓடியிருக்கு. யாரும் திருடுறாங்களா?"

"இல்ல பாய். தினமும் ஸ்டார்ட் பண்றேன்."

"எவ்வளவு நேரம்?"

"அஞ்சு நிமிஷம்."

"ஏர்கானோட?"

"ஃபுல்லா."

"அப்புறம்?"

"ஆஃப் பண்ணிட்டு வீட்டுக்குப் போயிடுவேன்."

"குளிர்ந்த இன்ஜின் சூடாகிறவரைக்கும் பெட்ரோலைக் கூடுதலாக் குடிக்கும் அண்ணே. சூடாகிறதுக்குள்ள நீங்க அணைச்சிடறீங்க. குடிச்சது எரியாம கரியாப் படிஞ்சிருக்கு. பேட்டரியும் கொடுத்ததைத் திருப்பி வாங்குறதுக்குள்ள நீங்க அணைச்சாச்சு. தினமும்! வண்டிய ஒரு சுத்து ஓட்டாம, அஞ்சு நிமிஷம் ஏர்கான் போட்டு உக்காந்து என்னதான் பண்ணுவீங்க?"

எந்தக் கேள்விக்கும் என்னிடம் ஒரு பதில் ரெடியாக இருக்கும். அதற்கும் இருந்தது. "காருக்கு வேர்க்கும்ல, பாய்" என்றேன். எப்போதும் என் மொக்கைக்கு முதலில் சிரிக்கிறவர், சிரிக்கவில்லை. துணியை எடுத்துக் கை துடைத்தார். துடைத்த கையையே திரும்பத் திரும்பத் துடைத்தார்.

மகள் பின்னால் நின்றிருந்தாள். "பேட்டரிக்குன்னு சொன்னீங்களேப்பா" என்றாள். அம்மாவின் அஞ்சு நிமிஷத்தைப் பள்ளிக்கூட நாளிலிருந்தே பின்சீட்டில் உட்கார்ந்து அனுபவித்தவள் அவள். அந்த ஞாயிற்றுக்கிழமை நான் எங்கே உட்கார்ந்திருந்தேன் என்பதும் அவளுக்குத் தெரியும். எலுமிச்சம்பழத்தைச் சட்டென்று கைப்பைக்குள் போட்டுக்கொண்டு சாலையைப் பார்த்துத் திரும்பி நின்றாள்.

பட்டறைக்காரர்தான் முதலில் பேசினார். "பெரிய வியாதி இல்ல. பிளக் மாத்தி, ஆயில் மாத்தி, பழைய பெட்ரோலை இறக்கிட்டுப் புதுசு ஊத்தினா சும்மா பறக்கும். ஆனா ஓட்டணும். நிறுத்தி வச்சுத்தான் ஓடவிடுவேன்னு நீங்க சொன்னா, எனக்கும் சந்தோஷம்தான். வருஷத்துக்கு ரெண்டு தரம் வருவீங்க."

வேலை முடிந்ததும் விரைவுச்சாலையில் ஒரு ஓட்டம் விட்டு, அப்படியே வீட்டில் கொண்டுவந்து விடுவதாகச் சொன்னார். என்னையும் ஏறச் சொன்னார். கதவைத் திறந்து சீட்டைத் தள்ள அடியில் கை விட்டவரை நான் தடுத்தேன்.

"பாய், சீட்டை மட்டும் நகர்த்தாதீங்க."

"அண்ணே, என் தொப்பைய எங்க வைக்கிறது? பின்சீட்லயா?"

"கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க."

என் முகத்தைப் பார்த்தார். மூச்சை உள்ளே இழுத்து, ஒவ்வொரு பாகமாகத் தன்னை உள்ளே செருகிக்கொண்டார். ஸ்டியரிங் தொப்பையில் புதைந்தது. முழங்கால்கள் காதுக்குப் பக்கத்தில் வந்தன. திரும்பும்போதெல்லாம் அவருடைய வயிறும் சேர்ந்து திரும்பியது. விரைவுச்சாலையில் பக்கத்து லாரிக்காரர் எங்களையே பார்த்துக்கொண்டு வந்தார். நான் சிரித்தேன். பாயும் சிரித்தார், ஆனால் மூச்சு விடாமல் சிரிக்க வேண்டியிருந்தது. கார் நிஜமாகவே பறந்தது. சிவப்பு விளக்கில் நின்றபோது இன்ஜின் அணைந்துவிட்டதோ என்று முள்ளைப் பார்த்தேன். இன்ஜின் ஓடிக்கொண்டுதான் இருந்தது, முள் ஆடாமல் நின்றிருந்தது.

மறுநாள் சாயங்காலம் மேல்தளத்துக்குப் போனேன். வளைந்து சாவியைத் திருப்பினேன். தொட்டவுடன் பிடித்தது. ஏர்கானை முழுசாக வைத்தேன்.

அதற்கு முன்னால் இத்தனை மாதமும் எனக்கு வேலை இருந்தது. முனகலைக் கேட்க வேண்டும், முள்ளைப் பார்க்க வேண்டும், நடுக்கம் நேற்றைவிடக் கூடுதலா குறைவா என்று கணக்குப் பார்க்க வேண்டும். வண்டிக்கு உடம்பு சரியில்லை என்பதிலேயே அஞ்சு நிமிஷம் போய்விடும். இப்போது ஒரு சத்தமும் இல்லை. வானொலியைக்கூட நான் போடவில்லை. ஏர்கான் காற்று மட்டும் வந்துகொண்டிருந்தது, கார் குளுகுளுவென்று ஆனது. யாரும் குறை சொல்ல முடியாத குளிர். பக்கத்தில் ஸ்டியரிங்கோடு ஒட்டிய சீட். லிஃப்ட் வந்து நிற்கிற மணி கேட்டது. நான் திரும்பிப் பார்த்தேன். தினமும் இப்படித் திரும்பிப் பார்த்திருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. யாரோ ஒருவர் மளிகைப் பையோடு வேறு காருக்குப் போனார்.

உட்கார்ந்தபடியே மகளுக்கு போன் போட்டேன்.

"கொடுத்துடலாம்மா."

"ஏன்ப்பா? மறுபடி ஸ்டார்ட் ஆகலையா?"

"ஆகுது. ரொம்ப நல்லா ஓடுது. அதான்."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் வந்தது. அவளும் என்னைப்போல ஏதாவது மொக்கை போட்டிருக்கலாம், போடவில்லை. அழுகை வந்தால் கிண்டலை விட்டுவிடுவதில் அவள் அம்மா மாதிரி.

மாதக் கடைசியில், ஸ்கிராப் இடத்துக்குக் கொண்டுபோக அவளே ஓட்ட வந்தாள். வீட்டில் என்னவோ தேடிக்கொண்டிருந்தாள்; அம்மாவின் குடை காரில் இருக்கிறதா, அலமாரியில் இருக்கிறதா என்று. "நீங்க முன்னால போங்கப்பா, வந்துடறேன்" என்றாள். நான் சாவியோடு மேல்தளத்துக்குப் போனேன். அன்றைக்கு மத்தியான வெயில். இடது பக்கம் ஏறி, வளைந்து, சாவியைத் திருப்பி, ஏர்கான் போட்டேன். கடைசி முறை என்று கார் எந்த அடையாளமும் காட்டவில்லை. ஒரே திருப்பலில் பிடித்து, பூனை மாதிரி உட்கார்ந்திருந்தது.

குளிர் ஏறி வந்தபோது டிரைவர் பக்கத்துக் கதவு திறந்தது.

இத்தனை காலம் காத்திருந்ததில் அந்தக் கதவு அன்றுதான் திறந்தது. மகள் தலையை நுழைத்தாள். அவள் உயரத்தில் என்னைக் கொண்டவள். உட்கார வந்தவள் பாதியில் முட்டி இடித்து நின்றாள். பிறகு, கார் ஓட்டுகிற எவரும் செய்வதைச் செய்தாள். அடியில் கை விட்டு, நெம்புகோலை இழுத்து, சீட்டைப் பின்னால் தள்ளினாள். கடகடவென்று போய், டக்கென்று பூட்டிக்கொண்டது.

அவளுக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். கை அடியிலேயே இருந்தது. "ப்பா..." என்றாள். "முன்னால தள்ளி வச்சுடட்டுமா?"

வேண்டாம் என்று தலையாட்டினேன். தொப்பை பாயைப் பற்றிச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன், வரவில்லை. அவள் உட்கார்ந்தாள். கண்ணாடியைச் சரிசெய்தாள். பெல்ட் போட்டாள். கியரில் கையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். வண்டி நகரவில்லை. எதற்காக நிற்கிறாள் என்று எனக்குச் சற்று நேரம் புரியவில்லை. பின்சீட்டிலிருந்து வருஷக்கணக்காகக் கேட்டு வளர்ந்த பெண் அவள். நான் சொல்லாமல் எடுக்கமாட்டாள்.

"ரைட்" என்றேன்.